வேலையை விடாமல் குரூப் 4: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பகலில் கம்பெனி வேலை, ராத்திரி டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்துகிற குரூப் 4 மாதிரித் தேர்வுகளுக்குப் படிப்பு என்று இருப்பவர்கள் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஒரகடத்தில் ஷிஃப்ட் போகிறவர், திருப்பூரில் செக்கிங் பார்க்கிறவர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர், சிறுசேரியில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர். எல்லார் பையிலும் ஒரு சமச்சீர் புத்தகம். என்ன படிக்க வேண்டும் என்று இவர்களுக்குச் சொல்ல யூடியூபில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வேலை, வீடு, படிப்பு மூன்றையும் ஒரே உடம்பு எப்படித் தாங்கும் என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

எங்கள் பகுதி நூலகத்துக்குப் படிக்க வருகிறவர்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதியில் நின்றுபோனவர்களில் பாடம் புரியாமல் நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். வீட்டில் சண்டை வந்து, உடம்பு கெட்டு, கையில் காசு தீர்ந்து நின்றவர்கள்தான் அதிகம். அதனால் தினமும் வேலை, வீடு, படிப்பு மூன்றுக்கும் சமமாக நேரம் ஒதுக்குங்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. படிக்கிற மாதங்களில் வீட்டுக்குச் சேர வேண்டிய நேரத்தையும் ஓய்வையும் கொஞ்சம் எடுத்துத்தான் ஆக வேண்டும். அது கடன். யாரிடம் எவ்வளவு வாங்குகிறோம், எந்தத் தேதியில் திருப்புவோம் என்று தெரிந்து வாங்கினால் சமாளிக்கலாம். தேதி போடாமல் வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வேலை உங்களுக்கு வேண்டுமா?

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதை யோசியுங்கள். குரூப் 4 மூலம் கிடைக்கிற இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) பதவிகளுக்கு அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அதோடு அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி சேரும். இப்போது 15,000 ரூபாய்க்கு 12 மணி நேரம் நிற்கிறவருக்கு இது பெரிய மாற்றம். ஐடியில் 50,000 வாங்குகிறவர் முதல் சில வருடங்களுக்குக் குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்று கணக்குப் போட வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கிற கவுன்சிலிங் ரேங்க் வரிசையில்தான். மேலே இருப்பவர்கள் எடுத்ததுபோக மிச்சம் இருக்கிற இடம் நம் ஊரிலிருந்து ஏழு மணி நேரத் தூரத்திலும் இருக்கலாம். விஏஓ ஆனால் அந்தக் கிராமத்தோடுதான் வாழ்க்கை.

இதையெல்லாம் யோசித்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் தொடங்குங்கள். சித்தப்பா சொன்னார், பக்கத்து வீட்டுப் பையன் பாஸ் பண்ணிவிட்டான் என்பதெல்லாம் ஆறு மாதம் காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடப் போதாது.

குரூப் 1, குரூப் 2 என்று எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் படிக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். வேலையில் இருக்கிற புதியவருக்கு என் சிபாரிசு குரூப் 4. பத்தாம் வகுப்புத் தகுதி போதும். ஒரே எழுத்துத் தேர்வு. மெயின்ஸ் என்ற இரண்டாம் கட்டத் தேர்வு கிடையாது, நேர்முகமும் கிடையாது. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிற தேர்வுக்குத்தான் வேலைக்குப் போகிற ஆளால் திட்டம் போட முடியும். பட்டதாரிகள் இதில் கை பழகிக்கொண்டு அப்புறம் குரூப் 2 பக்கம் போகலாம்.

போட்டி எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். 2025-இல் 3,935 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 13 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முழுநேரமாகப் படிக்கிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதால், நமக்கு இருக்கிற கொஞ்ச நேரத்தை எங்கே போடுவது என்பதில் ஏமாறக் கூடாது.

முடிவுத் தேதியை முதலிலேயே எழுதுங்கள்

அறிவிப்பு வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்தால் வேலை பார்க்கிறவருக்கு நேரம் போதாது. 2025-இல் அறிவிப்பு ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. நடுவில் 11 வாரம்தான். தேர்வாணையம் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்துக்கான தேர்வு அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதில் குரூப் 4 எந்த மாதம் என்று பார்த்து, அங்கிருந்து எட்டு அல்லது ஒன்பது மாதம் பின்னால் வந்து உங்கள் தொடக்கத்தைக் குறியுங்கள்.

அப்புறம், எத்தனை முறை எழுதப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே எழுதுங்கள். நான் சொல்வது இரண்டு முறை. முதல் முறை தேர்வு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளவே போய்விடும். இரண்டாவதில்தான் உங்கள் உண்மையான இடம் தெரியும். இரண்டுக்கும் நடுவில் மதிப்பெண் நன்றாக ஏறி, கட் ஆஃப்புக்குப் பக்கத்தில் வந்திருந்தால் மூன்றாவதைப் பற்றிப் பேசலாம். ஏறவில்லை என்றால் வேலையில் மேலே போவதைப் பாருங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஏழெட்டு வருடம் ஓட்டியவர்களை எல்லா ஊர் நூலகத்திலும் பார்க்கலாம். கல்யாணம், வீடு, சம்பள உயர்வு எல்லாவற்றையும் அந்த ஒரே தடவைக்காகத் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

தேதியை வீட்டு நாட்காட்டியிலேயே வட்டம் போடுங்கள். செல்போனுக்குள் இருக்கிற தேதி உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் பேசுவது

பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிற படி இது. "நான் படிக்கணும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினால் பேசியதாக ஆகாது.

கடந்த ஒரு மாதத்தில் வீட்டில் நீங்கள் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர் பிடிப்பது, ரேஷன், சிலிண்டர் பதிவு, அப்பாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது, குழந்தையை டியூஷனில் விடுவது, ஞாயிறு கறிக்கடை. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், நீங்கள் விலகினால் எது யார் தலையில் விழும் என்று. ஆண்கள் பலருக்கு இந்தப் பட்டியல் நாலு வரியில் முடிந்துவிடும். அதுவும் ஒரு தகவல்தான்.

அந்தப் பட்டியலில் எதை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தினமும் குழந்தையைப் பள்ளியில் விடுவது, ராத்திரி பாத்திரம் கழுவுவது, இப்படி ஏதாவது ஒன்று. இவன் ஒட்டுமொத்தமாக ஒதுங்கிவிட்டான் என்ற எண்ணம் வராமல் இருக்க அந்த ஒன்று போதும். எனக்குத் தெரிந்து அப்பாவின் மாத்திரை டப்பாவை வாரம் ஒருமுறை நிரப்பிவைப்பதை மட்டும் விடாமல் செய்த ஒருவர், அந்த வருடம் வீட்டில் ஒரு பேச்சுகூட வாங்கவில்லை.

விசேஷங்கள் தனிச் சிக்கல். வைகாசி, ஆவணி வந்துவிட்டால் பத்திரிகை வரிசையாக வரும். எதற்குப் போவீர்கள், எதற்கு மாட்டீர்கள் என்று முன்னாலேயே வீட்டாரோடு முடிவு பண்ணுங்கள். அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் போகாமல் முடியாது. அங்கே போய்த் தேர்வைக் காரணம் சொன்னால் பத்து வருடம் பேசுவார்கள். அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அப்பா மட்டும் போனால் போதும். போகிற விசேஷத்துக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பந்தியில் உட்கார்ந்து கரண்ட் அஃபேர்ஸ் படிக்கிறவர் படித்ததும் கிடையாது, சாப்பிட்டதும் கிடையாது.

கல்யாணமான பெண்களுக்கு இது வேறு மாதிரி. படிக்கிற மகனுக்கு மேசைக்கு டீ வருகிறது. படிக்கிற மருமகளுக்கு வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். அவரிடம் போய் "காலையில் சீக்கிரம் எழுந்து படியுங்கள்" என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை, அவர் ஏற்கெனவே ஐந்து மணிக்கு எழுந்துதான் சமையலை முடிக்கிறார். நான் பார்த்தவரை இவர்களுக்கு வேலை செய்த வழி ஒன்றுதான்: வீட்டைவிட்டு வெளியே போய்ப் படிப்பது. வாரத்தில் இரண்டு மாலை, ஒரு ஞாயிறு அரை நாள், நூலகத்திலோ தோழி வீட்டிலோ. அந்த நேரத்தில் வீட்டைக் கணவர் பார்த்துக்கொள்கிறார் என்பது அவர் வாயாலேயே மாமியாரிடம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். மருமகள் சொன்னால் அது புகாராகிவிடும்.

சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-இல் திறந்தது, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். அதோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. காசு கட்டி வகுப்புக்குச் சேர்வதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாளாகப் பார்க்காமல் வாரமாகக் கணக்குப் போடுங்கள்

"தினமும் நாலு மணி நேரம்" என்று அட்டவணை போட்டால் புதன்கிழமையே உடைந்துவிடும். ஒருநாள் உடைந்ததும் மனசு விட்டுப்போய் மிச்ச நாளும் போகும். வாரத்துக்கு இத்தனை மணி என்று வைத்தால் புதன் போனாலும் ஞாயிறு ஈடுகட்டலாம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை 48. ஆறு நாள் போக வர இரண்டு மணி வீதம் 12. தூக்கம் ஏழு மணி வீதம் 49. வேலை இடத்துச் சாப்பாட்டு இடைவேளை ஆறு மணி. குளியல், சாப்பாடு, துணி துவைப்பு, வீட்டு வேலை எல்லாம் நாளுக்கு மூன்று மணி என்றால் 21. மிச்சம் 32. இதில் பாதியை எடுங்கள், 16 மணி. மீதிப் பாதியைத் தொடாதீர்கள். குழந்தை, மனைவி, அம்மா, சும்மா உட்காருவது, ஒரு படம் பார்ப்பது எல்லாம் அந்த மீதியில்தான் இருக்கிறது. 16 மணி குறைவாகத் தெரியலாம். ஒன்பது மாதத்தில் அது 600 மணி நேரத்தைத் தாண்டும். உருப்படியாகப் படித்தால் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழையும் சமூக அறிவியலையும் ஒருமுறை முடித்து, திரும்ப ஒருமுறை பார்க்க அது போதும்.

சுழற்சி ஷிஃப்ட் இருப்பவர்களுக்கு இந்த 16 சரிப்படாது. அவர்கள் மூன்று வாரத்தைச் சேர்த்து ஒரு கணக்காக வைக்க வேண்டும். மதியம் தொடங்கி ராத்திரி முடிகிற ஷிஃப்ட் வாரம்தான் பொன்னான வாரம்: ராத்திரி வந்ததும் படுத்து, காலை ஏழு முதல் பத்தரை வரை தெளிந்த மூளையோடு படிக்கலாம். புதுப் பாடங்களை அந்த வாரத்துக்கு வையுங்கள். 20 மணி வரை போகும். காலை ஷிஃப்ட் வாரத்தில் மதியம் வந்து ஒன்றரை மணி தூங்கிவிட்டு மாலை ஐந்து முதல் எட்டு வரை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் மொத்தம் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அந்த வாரம் பழைய வினாத்தாள், பஸ்ஸில் காதில் கேட்கிற பாடம், இவ்வளவுதான். நைட் முடிந்து வந்து தூங்காமல் படிக்கிறேன் என்பவர் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டு, அடுத்த நாள் மெஷின் முன்னால் கண்ணைச் சொருகிக்கொண்டு நிற்பார். விரல் போகிற இடம் அது. விளையாட்டில்லை.

திருப்பூர் மாதிரி இடங்களில் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பதுக்கு வீட்டுக்கு வருகிறவர்கள், வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஷிஃப்டோடு கிளம்பிவிடப் பார்க்கலாம். சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த அரை ஷிஃப்ட் காசு குறையும். பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணம் என்று நினைத்து அதை விட்டுவிடுங்கள். உண்மையில் அதைவிடப் பயனுள்ள செலவு.

எந்த நேரத்தில் எதைப் படிப்பது என்பதும் முக்கியம். களைத்த உடம்போடு வரலாறு படித்தால் தூக்கம் வரும். கணக்குப் போட்டால் வராது. அதனால் ராத்திரி அரை மணி கிடைத்தால் தனிவட்டி, மீச்சிறு பொது மடங்கு, வேலையும் நேரமும் என்று கணக்கு. விடியற்காலை தமிழ் இலக்கணம், அரசியலமைப்பு. ரயிலில் பொருத்துக கேள்விகள். தாம்பரத்தில் உட்கார இடம் கிடைத்தால்தான் புத்தகம்; நிற்கிற நாளில் காதுதான்.

எதை விடுவது

குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இதில் 100 கேள்வி தமிழ். அதாவது பாதி மதிப்பெண், 150. அந்தப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மிச்சத்தில் 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை.

நேரம் இல்லாதவருக்கு இந்தக் கணக்கே வழி சொல்லிவிடுகிறது. 16 மணியில் ஏழு மணி தமிழுக்கு, மூன்று மணி கணக்குக்கு, மீதி பொது அறிவுக்கு. தமிழும் கணக்கும் சேர்ந்தால் 125 கேள்வி. எல்லையுள்ள பாடங்கள் இவை இரண்டும்தான். உழைத்தால் உழைத்த அளவுக்கு மதிப்பெண் வரும். பொது அறிவு கடல் மாதிரி போய்க்கொண்டே இருக்கும், அதில் நாள் முழுக்க மூழ்கிக் கிடப்பது வேலைக்குப் போகாதவர்களுக்குத்தான் முடியும். நடப்பு நிகழ்வுகளுக்கு ஐந்து பத்திரிகை, பத்து பிடிஎஃப் வேண்டாம். ஒரு நாளிதழ், ஒரு மாதத் தொகுப்பு, முடிந்தது.

பாடத்திட்டத்தை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். அவ்வப்போது மாற்றுகிறார்கள், அண்ணன் படித்த பழைய குறிப்பை நம்ப வேண்டாம். பள்ளிப் புத்தகங்களைப் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றில் இருங்கள். ஆறில் இருப்பவர் படிக்க வேண்டியதைச் சேகரித்துக்கொண்டே இருப்பார், படிக்க மாட்டார்.

வேலை இடத்தில்

மேலதிகாரியிடம் சொல்லலாமா? சின்னத் தனியார் நிறுவனம் என்றால் சொல்ல வேண்டாம் என்பேன். இவர் எப்படியும் போகப்போகிறவர் என்று நினைத்து அடுத்த ஆளைத் தேட ஆரம்பிப்பார்கள். சம்பள உயர்வும் நிற்கும். தேர்வு எழுதுகிறவர்களில் பலர் தேர்வாகப் போவதில்லை, வேலை அங்கேதான் தொடர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஒரு நம்பகமான சக ஊழியரிடம் சொல்லுங்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் வேண்டும். அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் முதலில் மாற்றிக்கொடுத்திருந்தால் கேட்பது சுலபம்.

உங்களுக்குச் சட்டப்படி என்ன உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். கடை, அலுவலகம், ஐடி நிறுவனம் போன்றவற்றில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அதன் வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. ஒரு வருடம் முடித்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு, தவிர 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் உடல்நலக்குறைவு விடுப்பு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் இதே சட்டத்தில் சேர்த்தார்கள். நடைமுறையில் எல்லா இடத்திலும் இதெல்லாம் கிடைத்துவிடுவதில்லை. ஆனாலும் விடுப்பைக் கெஞ்சிக் கேட்பதற்கும், என் கணக்கில் எட்டு நாள் இருக்கிறது என்று கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அந்த விடுப்பை இப்போதிருந்தே சேமியுங்கள். தேர்வுக்கு முந்தைய ஐந்து நாட்கள், தேர்வு நாள், மறுநாள் என்று ஏழு நாள் கையில் இருக்க வேண்டும். தேர்வு ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்று நினைக்காதீர்கள். 2024-இல் ஜூன் 9, ஞாயிறு. 2025-இல் ஜூலை 12, சனி. இன்னொரு நாளும் தேவைப்படும்: தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்குப் படித்த பள்ளிகளில் தலைமையாசிரியர் கையெழுத்தோடு சான்றிதழ் வாங்க வேண்டும். பள்ளி உங்கள் ஊரில், நீங்கள் சென்னையில். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வாங்கலாம் என்றால் பொங்கலுக்குப் பள்ளியும் மூடியிருக்கும். இரண்டு பள்ளிகளில் படித்திருந்தால் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஓடாமல் முதல் இரண்டு மாதத்திலேயே ஒரு வேலை நாளில் விடுப்புப் போட்டு முடித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழில் பெயர், இனிஷியல் சரியாக இருக்கிறதா என்றும் அன்றே பாருங்கள்.

வேலையில் இந்தக் காலத்தில் புதுப் பொறுப்பு எதையும் தேடிப் போக வேண்டாம். கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள். ஆபீஸ் நேரத்தில் மேசைக்குக் கீழே வைத்துப் படிப்பது வேண்டாம். பிடிபட்டால் அவமானம், பிடிபடாவிட்டாலும் மண்டையில் ஏறாது.

காசு, உடம்பு

ஆணையத்தின் தளத்தில் செய்கிற ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை விலக்கு. ஆக, அரசுக்குக் கட்டுவது கொஞ்சம்தான். செலவு வைப்பது மற்றதெல்லாம். நகையை அடகு வைத்துப் பயிற்சி மையத்தில் சேராதீர்கள். வாரக் கடைசியில் மாதிரித் தேர்வு வைக்கிற டெஸ்ட் பேட்ச் மட்டும் எடுத்தால் பலருக்குப் போதும்.

வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகப் படிக்கலாமா என்று ஐந்தாவது மாதத்தில் கட்டாயம் தோன்றும். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லையென்றால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரே நிறுவனத்தில் ஐந்து வருடம் முடியப்போகிறது என்றால், அது முடிந்தால் கிடைக்கிற கிராஜுவிட்டியையும் (பணிக்கொடை) கணக்கில் சேருங்கள். நாலரை வருடத்தில் ராஜினாமா எழுதியவர்களை எனக்குத் தெரியும். சம்பளம் நின்றதும் வீட்டுப் பேச்சின் தொனி மாறும். அந்தத் தொனியோடு படிப்பது நைட் ஷிஃப்டோடு படிப்பதைவிடக் கஷ்டம்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். படித்தது நினைவில் உறைவதே தூக்கத்தில்தான். ஒரு நாள் தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போகிற வாரம் வந்தால் படிப்பைக் குறையுங்கள், தூக்கத்தை அல்ல. அடிக்கடி தலைவலி, காரணமில்லாத எரிச்சல், குழந்தை பக்கத்தில் வந்தாலே கோபம் என்று வந்தால் மூன்று நாள் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. அப்படியும் மாறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசி ஆறு வாரமும் தேர்வு நாளும்

புதுப் பாடம் எதுவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு முழுத் தாள், காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, அதே நேரத்தில், ஓஎம்ஆர் தாளில் கறுப்பு மைப் பேனாவால் வட்டத்தை நிரப்பி எழுதிப் பாருங்கள். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு இரண்டாவது மணியில் தள்ளாடும். இந்த ஆறு வாரத்தில்தான் வீட்டில் கூடுதலாகக் கேட்கலாம். தேதி அவர்களுக்கும் தெரியும் என்பதால் கொடுப்பார்கள்.

நைட் ஷிஃப்ட் முடித்து நேராகத் தேர்வு மையத்துக்குப் போக வேண்டாம். சேர்த்துவைத்த விடுப்பு இதற்குத்தான்.

தேர்வு முடிந்த மறுநாள்

இங்கே பலர் தவறவிடுகிறார்கள். தேர்வு முடிந்தது, விடைக்குறிப்பு சில நாட்களில் வந்துவிடும், மதிப்பெண்ணை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். அப்புறம் முடிவு வரும் வரை காத்திருப்பு. 2025 ஜூலையில் எழுதியவர்களுக்கு அக்டோபரில்தான் முடிவு வந்தது. இந்த மூன்று மாதத்தையும் கட் ஆஃப் எவ்வளவு இருக்கும் என்று குழுக்களில் விவாதித்தே கழிக்கிறார்கள். அதற்குப் பதில் வாங்கிய கடனைத் திருப்புகிற மாதங்களாக அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் நீங்கள் தள்ளிவிட்ட வேலைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஞாயிறுகளைக் கொடுத்த மனைவிக்கோ கணவருக்கோ இப்போது அவர் ஆசைப்பட்டதற்கு ஞாயிறுகளைக் கொடுங்கள். தள்ளிப்போட்ட பல் மருத்துவர், போகாத விசேஷ வீடுகள், ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்த நண்பர். அடுத்த தேர்வுக்குப் படிப்பதாக இருந்தாலும் ஆறு வாரமாவது இடைவெளி விடுங்கள். வீட்டில் இரண்டாவது முறை கேட்கப் போகிறீர்கள் அல்லவா?

ரேங்க் நன்றாக வந்து, சான்றிதழ் பதிவேற்றம், கவுன்சிலிங் என்று கூப்பிட்டால், அந்தச் சந்தோஷத்தில் மறுநாளே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். கவுன்சிலிங்கில் இடம் தேர்ந்தெடுப்பது வேறு, துறையிலிருந்து பணி நியமன ஆணை கைக்கு வருவது வேறு. நடுவில் வாரங்கள் ஓடும். ஆணை வந்த பிறகு எழுதுங்கள். நோட்டீஸ் காலம் 60 நாளா 90 நாளா என்று உங்கள் பணி ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பார்த்துவைத்து, குறைக்க முடியுமா என்று ஹெச்ஆரிடம் நேரில் பேசுங்கள். பிஎஃப் கணக்கில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே சரிபாருங்கள். வெளியே வந்த பிறகு அதைத் திருத்தப் பழைய கம்பெனி வாசலில் நிற்க வேண்டிவரும். ரிலீவிங் ஆர்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ் மூன்றையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.